2 மேட்ச்... 7 வருட வெயிட்டிங்... 33 வயதில் கம்பேக்! - ராபின் சிங் என்கிற ஆல்ரவுண்டரின் கதை

ஓசூர்க்காரர்களுக்கு டைட்டன் என்றால் வாட்ச் கம்பெனி. ‘டாடா இண்டஸ்ட்ரீஸ்’, ‘தமிழ்நாடு’ இரண்டையும் சுருக்கிச் சேர்த்துத்தான் அந்தப் பெயரே வந்தது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோத்து 1984-ல் ஆரம்பித்த நிறுவனம் அது. ஆனால், 90ஸ் கிட்ஸ் கிரிக்கெட் ரசிகர்களிடம் ‘டைட்டன்’ என்று சொல்லிப் பாருங்கள். வாட்ச்சோடு சேர்த்து ஒரு கோப்பையும் ஞாபகத்துக்கு வரும். 1996 அக்டோபர், நவம்பரில் இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மோதிய டைட்டன் கோப்பை!

அந்தத் தொடரில் நம்ம ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் நடந்த மேட்ச்சை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 216 ரன் டார்கெட். சச்சின் 88 ரன்னில் அவுட். டி.வி-யை ஆஃப் பண்ணிவிட்டுப் போனவர்கள் பாதிப்பேர். அதற்குப் பிறகு கும்ப்ளேவும் ஸ்ரீநாத்தும் ஒன்பதாவது விக்கெட்டுக்கு 52 ரன் சேர்த்து ஜெயிக்க வைத்தார்கள்.

அதே தொடரில் சத்தமில்லாமல் இன்னொரு விஷயமும் நடந்தது. தமிழ்நாட்டு ஆல்ரவுண்டர் ஒருவர் ஏழு வருடங்களுக்குப் பிறகு இந்திய அணிக்குத் திரும்பி வந்தார். அப்போது அவருக்கு வயது 33. ‘இனி எங்க ஆடப்போறாரு’ என்று சொல்லக்கூடிய வயது. ஆனால், அவருடைய இன்டர்நேஷனல் கரியர் நிஜமாக ஆரம்பித்ததே அங்கேதான். அவர் ராபின் சிங்.

டிரினிடாட் டு சென்னை

முழுப் பெயர் ரவீந்திர ராமநாராயண் சிங். 1963 செப்டம்பர் 14 அன்று வெஸ்ட் இண்டீஸின் டிரினிடாட் தீவில் உள்ள பிரின்சஸ் டவுனில் பிறந்தவர். கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கப்பலில் கூட்டிச் செல்லப்பட்டவர்களின் வாரிசுகள் இன்றும் டிரினிடாட்டில் பெரிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள். ராபினும் இந்திய வம்சாவளிதான்.

1980-களின் தொடக்கத்தில், இருபது வயதை ஒட்டி, மெட்ராஸுக்கு வந்தார். படிப்பு ஒரு பக்கம், கிரிக்கெட் ஒரு பக்கம். ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் உலகத்தின் நம்பர் ஒன் அணி வெஸ்ட் இண்டீஸ். அங்கே பிறந்த ஒரு பையன், கிரிக்கெட் ஆட அந்த ஊரைவிட்டு சென்னைக்கு வருகிறான்!

சென்னையில் அப்போது லீக் கிரிக்கெட் செம வலுவாக இருந்தது. இந்தியா சிமென்ட்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்பிக் மாதிரி பெரிய கம்பெனிகள் கிரிக்கெட்டில் பணம் போட்டன. ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தன. மாதச் சம்பளமும் உண்டு, மேட்ச்சும் உண்டு. ஐ.பி.எல் பணம் எல்லாம் கனவில்கூட இல்லாத காலத்தில், ஒரு கிரிக்கெட்டர் முப்பது வயதைத் தாண்டியும் ஆட முடிந்தது என்றால் அதற்கு இந்த கம்பெனி கிரிக்கெட் முக்கியமான காரணம்.

1985-86 சீசனில் தமிழ்நாட்டுக்காக முதல்தரப் போட்டியில் அறிமுகமானார் ராபின். அடுத்த இரண்டு வருடங்களில் பெரிய சம்பவம். 1987-88 ரஞ்சிக் கோப்பை இறுதிப் போட்டியில் ரயில்வேஸை வீழ்த்தி தமிழ்நாடு சாம்பியன் ஆனது. 1954-55 சீசனுக்குப் பிறகு, 33 வருடங்கள் கழித்துக் கிடைத்த கோப்பை. அந்த அணியில் ராபினும் இருந்தார்.

பிறந்த மண்ணில் அறிமுகம்!

1989-ல் இந்திய அணி வெஸ்ட் இண்டீஸ் டூர் போனது. ராபினும் போனார். மார்ச் 11 அன்று ஒருநாள் போட்டியில் அறிமுகம். எங்கே தெரியுமா? போர்ட் ஆஃப் ஸ்பெயின். அவர் பிறந்த டிரினிடாட்டின் தலைநகரம்! சொந்த ஊர் கிரவுண்டில், எதிரணியின் ஜெர்சியில் இறங்குவது எப்படி இருந்திருக்கும்?

சினிமாவாக இருந்தால் அங்கே ஒரு செஞ்சுரி அடித்திருப்பார். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. அந்த டூரில் இரண்டே ஒருநாள் போட்டிகள்தான் கிடைத்தன. பெரிதாக எதுவும் செய்யவில்லை. டீமிலிருந்து வெளியே. அப்போது வயது 25.

அதற்குப் பிறகு 1992 உலகக் கோப்பை வந்தது, போனது. 1996 உலகக் கோப்பையும் வந்தது, போனது. இரண்டு அணியிலும் ராபின் இல்லை. ரஞ்சி ஆடினார், லீக் ஆடினார், அடுத்த சீசனும் அதையே செய்தார். ஏழு வருடம் இப்படியே போனது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான், ‘போதும்டா சாமி’ என்று பேட்டை மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆல்ரவுண்டர் - ஒரு சின்ன கணக்கு

1996-ல் அவரைத் திரும்பக் கூப்பிட ஒரு காரணம் இருந்தது. கபில் தேவ் 1994-ல் ரிட்டயர் ஆகிவிட்டார். மனோஜ் பிரபாகரின் ஆட்டம் 1996 உலகக் கோப்பையோடு முடிந்துவிட்டது. வேகப்பந்தும் போட்டு, பேட்டிங்கும் செய்யக்கூடிய ஆள் இல்லாமல் இந்திய ஒருநாள் அணி தடுமாறிக்கொண்டிருந்தது.

‘ரெண்டும் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா நல்லதுதான், இல்லைன்னா என்ன?’ என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 50 ஓவர் மேட்ச்சில் ஒரு பௌலர் அதிகபட்சம் 10 ஓவர்தான் போட முடியும். அதாவது, குறைந்தது ஐந்து பேர் பந்து போட்டாக வேண்டும். விக்கெட் கீப்பர் ஒருவர். மொத்தம் ஆறு. மீதி இருப்பது ஐந்து பேட்ஸ்மேனுக்கான இடம். ஐந்து விக்கெட் போனால் வால்தான் என்கிற நிலைமையில் எந்த கேப்டனும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆறு பேட்ஸ்மேனை எடுத்தாலோ பௌலர் நாலு பேர்தான். மீதி 10 ஓவரை யார் போடுவது?

அந்த ஒரு ஓட்டையை அடைக்கிற ஆள்தான் ஆல்ரவுண்டர். ஓசூர் சிப்காட்டில் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை ஈஸியாகச் சொல்லிவிடலாம். லைனில் ‘ரிலீவர்’ ஒருவர் இருப்பார் இல்லையா... எந்த ஸ்டேஷனில் ஆள் இல்லையோ அங்கே போய் நிற்பார். புரொடக்‌ஷன் போர்டில் தனியாக அவர் பேர் இருக்காது. ஆனால், அவர் இல்லாத நாளில் லைன் நின்றுவிடும். ராபின் அப்படிப்பட்ட ஆள்.

இடது கை பேட்டிங், வலது கை மிதவேகப் பந்துவீச்சு. பேட்டிங்கில் பெரும்பாலும் ஆறாவது, ஏழாவது இடம். இந்த இடத்தில் இறங்குகிறவருக்கு இரண்டே சூழ்நிலைதான். ஒன்று, டாப் ஆர்டர் மொத்தமாகச் சரிந்து டீம் அடிவாங்கியிருக்கும். இல்லை, கடைசி ஐந்தாறு ஓவர்தான் பாக்கி இருக்கும். நின்று நிதானமாக ஐம்பது அடிக்கிற சொகுசெல்லாம் கிடையாது.

இன்னொரு வேலை... ஃபீல்டிங்!

90-களில் இந்திய அணியின் ஃபீல்டிங் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும். பந்து பக்கத்தில் போனால் பிடிப்பார்கள், தள்ளிப் போனால் பவுண்டரிக்கு வழியனுப்பி வைப்பார்கள். அசாருதீன், ஜடேஜா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே விதிவிலக்கு. ராபின் அந்தப் பட்டியலில் சேர்ந்தார். இன்னர் சர்க்கிளில் அவர் பக்கம் பந்து போனால் பேட்ஸ்மேன் சிங்கிளுக்கு யோசித்தார். 35 வயதிலும் டைவ் அடித்தார். பேட்டிங்கின்போது ஜடேஜாவும் ராபினும் ஜோடி சேர்ந்தால் ஒன்று இரண்டாகும்.

ஸ்கோர்கார்டில் இதற்கெல்லாம் காலம் கிடையாது. தடுத்த ரன்னை யாரும் எழுதி வைப்பதில்லை. ராபின் சிங்கின் கரியரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் மிக முக்கியம்.

டாக்கா, ஜனவரி 18, 1998

டைட்டன் கோப்பையில் லீக் போட்டிகள் எல்லாவற்றையும் ஜெயித்த தென்னாப்பிரிக்காவை, மும்பை இறுதிப் போட்டியில் 35 ரன்னில் இந்தியா வீழ்த்தியது. ராபினுக்கு அணியில் இடம் உறுதியானது. 1997-ல் கொழும்பில் இலங்கைக்கு எதிராக சரியாக 100 ரன். ஒருநாள் போட்டியில் அவருடைய ஒரே சதம். அதே வருடம் டிசம்பரில் கவுகாத்தியில் அதே இலங்கைக்கு எதிராக 22 ரன் கொடுத்து 5 விக்கெட். பந்துவீச்சில் அவருடைய பெஸ்ட்.

ஆனால், ராபின் என்றதும் ரசிகர்கள் முதலில் சொல்வது டாக்கா மேட்ச்சைத்தான். இண்டிபெண்டன்ஸ் கோப்பையின் மூன்றாவது இறுதிப் போட்டி. சயீத் அன்வர் 140, இஜாஸ் அகமது 117. பாகிஸ்தான் 48 ஓவரில் 314 ரன். இப்போது 314 என்பது சாதாரணம். அன்றைக்கு அதுவரை யாருமே துரத்தி ஜெயிக்காத ஸ்கோர்.

சச்சின் 26 பந்தில் 41 ரன் அடித்துவிட்டு அவுட். மூன்றாவது ஆளாக யார் வருகிறார் என்று பார்த்தால்... ராபின் சிங்! வழக்கமாக ஏழாவதாக இறங்குகிற ஆளை மேலே அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் கங்குலி ஆடிக்கொண்டிருக்க, மறுபக்கம் ராபின் அடிக்க வேண்டியதை அடித்து, ஓட வேண்டியதை ஓடினார். இருவரும் சேர்ந்து 179 ரன். ராபின் 83 பந்தில் 82. கங்குலி 124. கடைசி இரண்டு பந்தில் மூன்று ரன் தேவை என்ற நிலையில் கனித்கர் பவுண்டரி அடிக்க, புது உலக சாதனை.

மறுநாள் பேப்பரில் கனித்கரின் பவுண்டரியும் கங்குலியின் சதமும் பெரிதாக வந்தன. நியாயம்தான். ஆனால், அந்த 82 இல்லாமல் கடைசி ஓவர் வரை மேட்ச் வந்திருக்கவே வந்திருக்காது.

ஒரே வாரத்தில் அழுகையும் சிரிப்பும்

1999 உலகக் கோப்பை. மே 19, லெஸ்டர். ஜிம்பாப்வேவுக்கு எதிரான மேட்ச். அப்பா இறந்த செய்தி கேட்டு சச்சின் ஊருக்குத் திரும்பியிருந்தார். எக்ஸ்ட்ராவாக மட்டும் 51 ரன் கொடுத்தது இந்தியா. பந்துவீச அதிக நேரம் எடுத்ததால் நாலு ஓவர் அபராதம் வேறு. 46 ஓவரில் 253 அடிக்க வேண்டும்.

கடைசி இரண்டு ஓவரில் 9 ரன் தேவை, கையில் மூன்று விக்கெட். கிரீஸில் 35 ரன்னோடு ராபின். முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹென்றி ஒலாங்கா பந்து போட வந்தார். ராபின் அவுட். அதே ஓவரில் ஸ்ரீநாத் அவுட். வெங்கடேஷ் பிரசாத் அவுட். மூன்று ரன்னில் தோல்வி. ஃபினிஷர் என்கிற வேலையின் கொடுமை இது. பத்து மேட்ச்சை முடித்துக் கொடுத்தாலும், முடிக்காமல்விட்ட ஒன்றைத்தான் ஊர் பேசும்.

சரியாக ஒரு வாரம். மே 26, டான்டன். கங்குலி 183, டிராவிட் 145, இருவரும் சேர்ந்து 318 ரன் குவித்த அதே மேட்ச். இந்தியா 373. பதிலுக்கு இலங்கை 216-க்கு ஆல் அவுட். அதில் 31 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தவர் ராபின் சிங். அந்த மேட்ச் என்றாலே 318 மட்டும்தான் ஞாபகம் வரும். ஐந்து விக்கெட்டை கூகுள் செய்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு டெஸ்ட்

1998 அக்டோபரில் ஹராரேயில் ஜிம்பாப்வேவுக்கு எதிராக டெஸ்ட் வாய்ப்பு வந்தது. வயது 35. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 27 ரன், விக்கெட் எதுவும் இல்லை. இந்தியா அந்த மேட்ச்சில் தோற்றது. அதோடு டெஸ்ட் கதை முடிந்தது.

முதல்தரப் போட்டிகளில் 137 ஆட்டம், 6,997 ரன், 172 விக்கெட் என்று சம்பாதித்து வைத்திருந்தவர். பேட்டிங் சராசரியே 46-ஐத் தொட்டிருந்தது. அந்த வாய்ப்பு 28 வயதில் வந்திருந்தால்? பதில் யாரிடமும் இல்லை. ஆனால், ‘ஒருநாள் போட்டிக்கு மட்டும்தான் லாயக்கு’ என்று அவர்மேல் குத்தப்பட்ட முத்திரைக்கு அந்த ஒரு டெஸ்ட்டை ஆதாரமாகக் காட்டுவது நியாயமில்லை.

2000-ம் ஆண்டு அக்டோபரில் நைரோபியில் யுவராஜ் சிங் அறிமுகமானார். இடது கை, மிடில் ஆர்டர், பாயிண்டில் பறக்கிற ஃபீல்டர், தேவைப்பட்டால் பந்தும் போடுவார். ராபின் பார்த்த அதே வேலைக்கு, 18 வயதுப் பையன் வந்துவிட்டான். 2001 ஏப்ரல் 3 அன்று விசாகப்பட்டினத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ராபின் தன் கடைசி ஒருநாள் போட்டியில் ஆடினார். வயது 37.

ராபின் சிங் - ஒரு பார்வை

- பிறப்பு: 1963 செப்டம்பர் 14, பிரின்சஸ் டவுன், டிரினிடாட்
- ஒருநாள் போட்டிகள்: 136
- ரன்கள்: 2,336 (1 சதம், 9 அரைசதம்)
- விக்கெட்டுகள்: 69
- சிறந்த பந்துவீச்சு: 22 ரன்னுக்கு 5 விக்கெட்
- கேட்ச்கள்: 33
- டெஸ்ட்: 1
- மாநில அணி: தமிழ்நாடு

இந்த 136 போட்டிகளில் 134, அவர் 33 வயதைத் தொட்ட பிறகு ஆடியவை!

பிறந்தநாள் பரிசு

ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளர் ஆனார். 2004-ல் ஆசியக் கோப்பையில் ஆடிய ஹாங்காங் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 2007-ல் இந்திய அணியின் ஃபீல்டிங் கோச். ஸ்கோர்கார்டில் எழுதப்படாத வேலையைச் செய்துகொண்டே இருந்த மனிதருக்கு, அந்த வேலையைச் சொல்லித்தரவே ஒரு பதவி.

அந்த வருடம் தென்னாப்பிரிக்காவில் முதல் டி20 உலகக் கோப்பை. செப்டம்பர் 14 அன்று டர்பனில் இந்தியா - பாகிஸ்தான் மேட்ச் டை ஆனது. ஸ்டம்பைப் பந்தால் அடிக்கும் ‘பௌல் அவுட்’ மூலம் முடிவு. இந்திய வீரர்கள் இதை முன்பே பயிற்சி செய்து வைத்திருந்தார்கள். சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூவரும் ஸ்டம்பைத் தகர்க்க, பாகிஸ்தானின் மூன்று பந்தும் விலகிப் போயின. அன்றைக்குத்தான் ராபினின் 44-வது பிறந்தநாள். அந்த உலகக் கோப்பையும் இந்தியாவுக்கே வந்தது.

2009 அக்டோபரில் அந்தப் பொறுப்பு முடிந்தது. ஐ.பி.எல்-லில் 2008-ல் டெக்கான் சார்ஜர்ஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்தபோது அணி கடைசி இடத்தில் முடிந்தது. பிறகு 2010-ல் மும்பை இந்தியன்ஸின் தலைமைப் பயிற்சியாளர். பொறுப்புகள் மாறினாலும் பல வருடங்கள் அதே அணியில் தொடர்ந்தார். 2020-ல் ஐக்கிய அரபு அமீரக கிரிக்கெட்டின் இயக்குநர் பொறுப்புக்குப் போனார்.

நம்ம ஊர் பசங்களுக்கு இதில் என்ன இருக்கு?

ராபினுக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆல்ரவுண்டர்களுக்குப் பஞ்சமில்லை. டெஸ்ட்டில் 537 விக்கெட்டும் 6 சதமும் அடித்த அஸ்வின், 2019 உலகக் கோப்பையில் வீசிய முதல் பந்திலேயே விக்கெட் எடுத்த விஜய் சங்கர், 2021-ல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட்டிலேயே அரைசதம் அடித்த வாஷிங்டன் சுந்தர். அதே பிரிஸ்பேனில் அதே நாளில் அறிமுகமானவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். பௌலர்தான் என்றாலும், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துப் பசங்களுக்கு ‘நம்ம ஏரியாவிலிருந்தும் போகலாம்’ என்ற நம்பிக்கையைக் கொடுத்தவர்.

ஆனால், நம்பிக்கை மட்டும் போதாது. ராபின் ஏழு வருடம் காத்திருந்தார் என்பது கதையின் ஒரு பாதி. காத்திருக்கும்போது ஆடுவதற்கு அவருக்கு ஒரு லீக் இருந்தது என்பது மறு பாதி. ஓசூரில் இருப்பவருக்கு அந்த சென்னை லீக் 300 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் பெங்களூரு கிளப்கள் பக்கம்தான். ஆனால், அது வேறு மாநில சங்கம். மாநில அணி என்று வரும்போது பிறப்பு, வசிப்பிடம், படிப்பு என்று ஆவணங்கள் கேட்பார்கள். ஒரே சீசனில் இரண்டு பக்கமும் கால் வைக்க முடியாது. எந்தப் பக்கம் என்பதை வீட்டில் உட்கார்ந்து சீக்கிரமே முடிவு செய்ய வேண்டியது எல்லைப் பகுதிக்கே உரிய தலைவலி. தமிழ்நாடு பக்கம் என்றால் மாவட்ட கிரிக்கெட் சங்கத்தின் லீக், மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிகள், அங்கிருந்து மாநிலத் தேர்வு என்பதுதான் வழி.

அப்புறம், கம்பெனிகள். அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று பெரிய பேர்கள் இருக்கிற ஊர் இது. ராபின் காலத்துச் சென்னையில் கம்பெனிகள் செய்ததை, அதாவது ஆட்டக்காரனுக்கு வேலையும் கொடுத்து ஆட நேரமும் கொடுத்ததை, தொழிற்சாலைகள் நிறைந்த இந்த ஊரும் செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில் வெளுத்து வாங்குகிற பையன் திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு ஓடுகிறான். அவனுக்கு லெதர் பால் மேட்ச் ஆட மாதத்தில் நாலு நாள் லீவு கிடைத்தால் அதுவே பெரிய விஷயம்.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்து, இங்கேயே வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து ஊர்க்காரர்களானவர்கள் ஓசூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டுக்காக ஆடிய ஒருவரின் கதை அவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

25 வயதில் டீமைவிட்டுப் போனவர், 33 வயதில் திரும்பி வந்து 134 மேட்ச் ஆடினார். ‘வயசாயிடுச்சு’ என்று யாராவது சொன்னால், இந்த ஒரு நம்பரை ஞாபகத்தில் வையுங்கள் பாஸ்!